இருபத்து மூன்று இடது காதுகள்

வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் இடதக்கா.

காரணம் இல்லாமல் இல்லை. பழைய எலும்பிலிருந்து மரபணு எடுப்பதுதான் அங்கே வேலை. அதற்கு உடம்பிலேயே தோதான எலும்பு ஒன்றுதான். காதுக்கு உள்ளே, தலையோட்டின் அடியில், நிலக்கடலை அளவில் ஒரு கெட்டியான கரு இருக்கிறது. மற்ற எலும்பெல்லாம் மக்கினாலும் அது மக்காது. மூவாயிரம் வருஷம் கழித்துத் துளைத்தாலும் உள்ளே ஆள் இருப்பார்.

ஒரே ஒரு தொல்லை. ஆளுக்குக் காது இரண்டு. பலருடைய எலும்பு கலந்து கிடக்கும் குழியில் கைக்கு வந்ததையெல்லாம் துளைத்தால், ஒரே ஆளை இரண்டு தடவை எடுத்துவிடலாம். செத்தவர் தொகையில் ஒன்று கூடிவிடும். அதனால் ஒரு பக்கத்துக் காதை மட்டும் எடுப்பது அந்தத் தொழிலின் பழக்கம். அவள் இடதை எடுத்தாள். பன்னிரண்டு வருஷமாக இடது மட்டும்தான். வலது கல்லு மாதிரி இருந்தாலும், இடது நைந்து போயிருந்தாலும், இடதுதான்.

அன்று காலை கணினி அறையிலிருந்து தம்பி வந்தான். நாற்பது வயது, முன்வழுக்கை. வேலைக்குச் சேர்ந்த நாளில் எல்லோரையும்விட இளையவனாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் துளைத்துக் கொடுக்கும் பொடியிலிருந்து வரும் எழுத்துகளைப் படித்து, யார் ஆண், யார் பெண், யாருக்கு யார் சொந்தம் என்று சொல்வது அவன் வேலை.

“அக்கா, ஒம்பதும் பதினேழும் ஒண்ணா வருது.”

“சொந்தமா?”

“சொந்தமில்ல. ஒரே ஆளு.”

அவள் கையுறையைக் கழற்றினாள்.

“மறுபடி ஓட்டிப் பாத்தியா?”

“மூணு தடவ. அம்மா, மக, அக்கா, தங்கச்சின்னா பாதிக்குப் பாதி ஒத்துப்போகும். இது முழுசா ஒத்துப்போகுது. ஒருத்தர ரெண்டு குழாயில ஊத்துன மாதிரி.”

“ரெட்டப் பொறப்பா இருக்கலாமில்ல?”

“இருக்கலாம். இப்படி அச்சு அசலா ஒரே மாதிரி பொறக்கறது ஆயிரம் பிரசவத்துல மூணோ நாலோ. ஆனா சார் அப்படி நெனைக்கல.”

“சார்கிட்ட சொல்லிட்டியா?”

“மாடிப்படில எதிர்ல வந்துட்டாரு. என் மூஞ்சியப் பாத்ததும் என்னடான்னு கேட்டுட்டாரு.”

“எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி?”

“நான் என்ன பண்றது அக்கா? என் மூஞ்சி அப்படி.”

*

இயக்குநர் சத்தம் போடுகிறவர் அல்ல. கோபம் வந்தால் பேனா மூடியைத் திறந்து மூடுவார். அவள் உள்ளே போனபோது மூடி திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மேசையில் அந்தக் கல்லறையின் வரைபடம் விரித்திருந்தது. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய நீள அறை. ஒரே குடும்பத்தார், ஒரே வாசல். ஒருவர் செத்தால் வாசல் கல்லை நகர்த்தி உள்ளே கிடத்துவார்கள். அடுத்தவர் வரும்போது முன்னவர் எலும்பைப் பின்னால் தள்ளிவிட்டு இடம் பண்ணுவார்கள். இருநூறு வருஷம் இப்படி. கடைசியில் யாருடைய கால் யாருடைய கை என்று சொல்ல முடியாத குவியல். அந்தக் குவியலில் எத்தனை பேர் என்பதற்கு ஒரே சாட்சி, அவள் பொறுக்கி எடுத்த இருபத்து மூன்று இடது காதெலும்புகள். அறிக்கை போக மூன்று வாரம் இருந்தது.

“ஒம்பது எங்கேருந்து வந்துச்சு?” என்றார் இயக்குநர்.

“வாசலுக்குப் பக்கத்துல. பாதி மண்டையோடு. கெழவி. அம்பதத் தாண்டினவ.”

“பாதின்னா எந்தப் பாதி?”

“இடது.”

“வலது எங்க?”

“நொறுங்கிப் போயிருக்கும்.”

“பதினேழு?”

“கடைசி மூலைல. ஒரு கல்லுக்கு அடியில. உதிரித் துண்டு.”

“பாருங்க, ஒரு கெழவிக்கு வலது காதக் காணோம். மூலைல உதிரியா ஒரு காது கெடக்கு. ரெண்டும் ஒரே ஆளுன்னு மிஷின் சொல்லுது.” மூடியைத் திறந்தார். “எலும்பத் தள்ளித் தள்ளி வெச்சிருக்காங்க. அது உருண்டு மூலைக்குப் போயிருக்கு. நீங்க எடுத்து பதினேழுன்னு நம்பர் போட்டுட்டீங்க.”

“நான் எடுத்தது இடது.”

“படத்தப் பாத்தேன். ஒடஞ்ச துண்டு. இடதுன்னா இடது, வலதுன்னா வலது. நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“நான் பண்ணுவேன்.”

“சத்தியத்த அறிக்கைல போட முடியாதும்மா.”

அது சரிதான். நரம்பு நுழையும் சிறு துளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை விரலில் உருட்டிப் பார்த்தால் தெரியும். படத்தில் தெரியாது. விரலில் உருட்டிய துண்டு சின்னது; முழுவதையும் பொடியாக்கியாயிற்று. சாட்சியை அவளே அரைத்து முடித்திருந்தாள்.

“பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்காதீங்க,” என்றார் இயக்குநர்.

“நாலு காலுதான் சார். எண்ணிட்டுத்தான் சொல்றேன்.”

அவர் மூடியை மூடினார்.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லிடுவாங்க. இந்த ஒரு காது தப்புன்னா மத்த இருபத்திரெண்டுலயும் எத்தன வலதுன்னு கேப்பாங்க. நாமளே முந்திக்கணும். மாதிரி எடுத்ததில் பிழைன்னு எழுதிடறேன். மாதிரி எடுத்தவர்ங்கற எடத்துல உங்க பேருதான் வரும். நீங்க கொஞ்ச நாள் பதிவேடு பாருங்க. துளைக்கறதுக்கு வேற ஆளு போட்டுக்கலாம்.”

“கொஞ்ச நாள்னா?”

“கொஞ்ச நாள்.”

அந்தக் கட்டடத்தில் கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு என்று மாடிப்படிக்கு அடியில் வைத்த இரும்பு அலமாரி ஒன்பது வருஷமாக அங்கேயே நிற்கிறது.

“ரெண்டு நாள் குடுங்க சார்,” என்றாள்.

*

வீட்டில் அத்தை கதவைத் திறந்ததும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“கை கழுவினியா?”

“காலைல போகும்போதே கழுவிட்டேன் அத்தை.”

“வரும்போது கழுவணும். போகும்போது கழுவி என்ன புண்ணியம்? செத்தவங்க எலும்பத் தொட்டுட்டு வர்ற.”

“அதுங்களால எனக்கு ஒண்ணும் ஆகாது. என் அழுக்குதான் அதுங்கள கெடுக்கும்.”

இந்தப் பேச்சு கல்யாணம் ஆன நாளிலிருந்து நடக்கிறது. இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை. அவள் கை கழுவினாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலை தூக்கினான்.

“இதுக்குப் போயா? நானும் இதத்தான் பண்ணேன். ஆஸ்பத்திரில ரெண்டு லிஃப்ட். ஒண்ணையே ரெண்டு தடவ ரிப்பேர் பண்ணிட்டு வந்துட்டேன். இன்னொண்ணு அப்படியே நிக்குது. மறுநாள் ஃபோன் பண்ணி, நேத்து ஓடினது இன்னைக்கு ரொம்ப நல்லா ஓடுதுங்கன்னாங்க.”

“நீங்க பண்ணினீங்க. நான் பண்ணல.”

“நானும் மொதல்ல அப்படித்தான் சொன்னேன்.”

“அவ சொன்னா சரியா இருக்கும்டா,” என்றாள் அத்தை. “ஒரு பருப்புல ஒரு கல்லு விட்டிருக்காளா இதுவரைக்கும்? கை கழுவ மாட்டா, அவ்வளவுதான்.”

*

மறுநாள் அவள் பதிவேட்டு அறையில் உட்கார்ந்தாள். இயக்குநர் உட்காரச் சொன்ன நாற்காலிதான். ஆனால் வேறு காரியத்துக்கு. தோண்டியவர்கள் எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எந்த மூலையில், எத்தனை ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் என்ன கிடந்தது என்று எல்லாம் இருந்தது. பெரும்பாலும் மழையில் நனைந்த கையெழுத்து.

மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த வரி கிடைத்தது. கடைசி மூலை. கல்லுக்கு அடியில். காதெலும்புத் துண்டு ஒன்று. அதிலிருந்து இரண்டு சாண் தள்ளி, அதே கல்லுக்கு அடியில், ஒரு குழந்தையின் கீழ்த்தாடை. ஒரு பால் கடைவாய்ப்பல் மட்டும் இருக்கிறது. பெட்டி முப்பத்தொன்று.

எழுந்து கணினி அறைக்குப் போனாள்.

“தம்பி, காதெலும்ப வெச்சு வயசு சொல்ல முடியுமா?”

“அது உங்க பாடம் அக்கா.”

“முடியாது. அந்தக் கரு பொறக்கும்போதே முழு அளவுல இருக்கும். அப்புறம் வளராது. கொழந்தைக்கும் கெழவிக்கும் ஒரே சைஸ். அதனாலதான் பதினேழு கெழவியோட வலது காதுன்னு அவரு சொன்னா என்னால இல்லன்னு காட்ட முடியல.”

“சரி.”

“பல்லுல வயசு தெரியும். பதினேழு கெடந்த அதே கல்லுக்கு அடியில ஒரு கொழந்தையோட தாடை இருக்கு, ஒரு பால்பல்லோட. ஆறு வயசு, ஆறரை. அந்தப் பல்லோட டி.என்.ஏ.வும் கெழவியோடதும் ஒண்ணா வந்துச்சுன்னா?”

தம்பி வழுக்கையைத் தடவினான். அவன் யோசிக்கிறான் என்பதற்கு அதுதான் அடையாளம்.

“ஆறு வயசுல செத்தவ அம்பது வயசுல மறுபடி சாக முடியாது,” என்றான் மெதுவாக.

“அவ்வளவுதான்.”

“அப்ப ரெண்டு பேரு. ரெட்டைப் பொறப்பு. ஒருத்தி சின்னதுலயே போயிட்டா. இன்னொருத்தி இருந்துட்டுப் போனா.” நிமிர்ந்தான். “ஆனா அந்தத் தாடை வேற ஏதோ கொழந்தையோடதா இருந்தா?”

“இருக்காது.”

“இருந்தா அக்கா.”

“அப்ப பதிவேடு பாக்கறேன். நாற்காலி இருக்கு.”

அவள் சொன்னதையெல்லாம் இயக்குநர் கேட்டுக்கொண்டார். குறுக்கே பேசவில்லை. பேனாவையும் தொடவில்லை.

“ஒரே பல்லு,” என்றார். “ஒரே தடவ. பொடில பாதி இங்க, பாதி வேற ஊர் ஆய்வுக்கூடத்துக்குப் போகணும். அது யாரு என்னன்னு அவங்களுக்குச் சொல்லக் கூடாது. வெறும் நம்பர். கெழவியோட மிச்சப் பொடியும் அப்படியே போகட்டும்.”

“சரி சார்.”

“பல்லக் குடுக்க மாட்டாரு அவரு.”

“குடுப்பாரு.”

*

அவர் என்று சொன்னது அருங்காட்சியகத்து எலும்புக் கிடங்கின் காப்பாளரை. பெட்டிக்காரர் என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். எலும்பு என்றே சொல்ல மாட்டார். முப்பத்தொன்று எப்படி இருக்கிறது, நாற்பதுக்கு ஈரம் பட்டதா என்று பெட்டி நம்பரைத்தான் சொல்வார். அவரிடம் மாதிரி கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

கிடங்கு தரைக்குக் கீழே இருந்தது. இரும்பு அடுக்குகள், சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பென்சில் எழுத்து. பெட்டிக்காரர் முப்பத்தொன்றை மேசையில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“ஏம்மா, உங்க ஆளுங்களுக்கு மனசாட்சியே கெடையாதா? போன தடவ ஒருத்தர் வந்தாரு. கொஞ்சூண்டுன்னாரு. முழுப் பல்லும் போச்சு. திரும்பி வந்தது ஒரு நன்றிக் கடிதம். அத நாப்பத்தி ரெண்டாம் பெட்டில, பல்லு இருந்த எடத்துல வெச்சிருக்கேன். போய்ப் பாரு.”

“நான் முழுப் பல்லு கேக்கலியே சார்.”

“வேர்ல வேணும்ப. வேர எடுத்துட்டா பல்லு எப்படி நிக்கும்?”

“இந்தப் பல்லுக்கு வேர் ரெண்டு. ஒண்ணுல பாதிதான் எடுப்பேன். ஒத்தக் கால்ல நிக்கும்.”

“நிக்கலேன்னா?”

“நான் வந்து பிடிச்சுக்கறேன்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முழங்கையை எடுத்தார். மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தாடை. பால்பல் ஒன்று மேலே. அதற்குப் பின்னால் எலும்புக்குள் இன்னும் முளைக்காத பெரிய பல்லின் தலை, ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல் தெரிந்தது.

“வந்துட்டே இருந்திருக்கு,” என்றார் பெட்டிக்காரர். “இன்னும் நாலஞ்சு மாசம்.”

அவள் குனிந்து பார்த்தாள். அந்த முளைக்காத பல்லை எதற்காகவும் தொடக் கூடாது என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

“இருபத்தி மூணு பேரா, இருபத்தி ரெண்டு பேரா, அதானே உங்க சண்டை?” என்றார் அவர். “மூவாயிரம் வருஷம் ஆச்சு. ஒண்ணு கூடினா என்ன, கொறஞ்சா என்ன?”

“உங்க கிடங்குல எத்தன பெட்டி சார்?”

“ஆயிரத்து நூத்தி எட்டு.”

“ஆயிரத்து நூத்தி ஏழுன்னு எழுதிக்கட்டுமா?”

 பெட்டிக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். பல்லும் கிழவியும் பொருந்தாவிட்டால் இந்தக் கிடங்கில் இவர் இனி எந்த மாதிரியும் கேட்கக் கூடாது என்றிருந்தது. அவளிடம் நீட்டினார். அவள் நின்றபடியே கையெழுத்திட்டாள்.

“படிச்சியா?”

“படிச்சேன். இப்ப நீங்க இதுல துப்புங்க.” பையிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்து வைத்தாள்.

“என்னது?”

“எச்சி வேணும் சார். கோடு வரைக்கும்.”

“என் எச்சி எதுக்கு?”

“பதினெட்டு வருஷமா இதுங்கள வெறுங்கையால எடுத்து வெக்கறீங்க. இதுங்க மேல நீங்களும் ஒட்டியிருப்பீங்க. எங்க கூடத்துல பெருக்கறவங்களோட எச்சிகூட வாங்கி வெச்சிருக்கோம். இல்லன்னா மிஷின் உங்களையும் மூவாயிரம் வருஷத்து ஆளுன்னு நெனச்சுடும்.”

“எங்க வீட்டுல ஏற்கெனவே அப்படித்தான் நெனச்சுட்டிருக்கா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று துப்பினார்.

*

சுத்த அறைக்குள் அவளோடு யாரும் வரக் கூடாது. உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, கையுறைக்கு மேல் கையுறை. மேசையை ப்ளீச்சால் துடைத்தாள். புற ஊதா விளக்கை அரைமணி எரிய விட்டாள். பல்லின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து எறிந்தாள். பெட்டிக்காரர் அதில்தான் அதிகம் இருப்பார். பிறகு துரப்பணத்தை மெதுவாக ஓட விட்டாள். வேகமாக ஓட்டினால் எலும்பு சூடேறும். சூடேறினால் உள்ளே இருப்பது கருகும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. அவள் மூன்று எண்ணுவாள், நிறுத்துவாள். மூன்று எண்ணுவாள், நிறுத்துவாள்.

நகக்கண்ணில் அடங்கும் பொடி. அதில் பாதி. மீதிப் பாதி வெளியூருக்கு. கூடவே ஒன்றும் போடாத வெற்றுக் குழாய் ஒன்று. எல்லாக் குழாய்க்கும் செய்ததை அதற்கும் செய்ய வேண்டும். கடைசியில் அதிலும் யாராவது தென்பட்டால், வந்தது கல்லறையிலிருந்து அல்ல, அறையிலிருந்து என்று அர்த்தம்.

பல்லை எடுத்துத் தாடையில் வைத்துப் பார்த்தாள். நின்றது.

பதினோரு நாள் காத்திருக்க வேண்டும். அவள் காத்திருக்கவில்லை, வேறொரு மலையடிவாரத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து எலும்புகளைப் பக்கம் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் பதிவேட்டு மேசைக்கு ஒரு புது நாற்காலி வந்து இறங்கியது. போகிற வழியில் அதில் உட்கார்ந்து சாய்ந்து பார்த்தாள்.

“முதுகுக்கு நல்லா இருக்கு சார்,” என்றாள், அந்தப் பக்கம் வந்த இயக்குநரிடம். “யாருக்கு வாங்குனீங்க?”

“பொதுவா,” என்றார் அவர்.

தம்பிதான் தூங்கவில்லை. எட்டாம் நாள் கண் சிவந்து வந்து நின்றான்.

“உங்களுக்கு பயமே இல்லியா அக்கா?”

“எதுக்கு?”

“பொருந்தலேன்னா?”

“அந்தத் துண்ட நான் விரல்ல உருட்டினேன் தம்பி. இடது. அது கெழவியோட இடது இல்ல, ஏன்னா அவளோட இடது அவ மண்டைலயே இருந்துச்சு. ரெண்டு இடது காது இருக்கறவ யாரும் பொறந்ததில்ல. அப்ப அது வேற ஆளு. வேற ஆளு, ஆனா ஒரே டி.என்.ஏ. இது எனக்கு அன்னைக்கே முடிஞ்சு போச்சு. பல்லு எனக்கு இல்ல. உனக்கும் சாருக்கும்தான்.”

“தாடை அதோடதுதான்னு எப்படித் தெரியும்?”

“அது தெரியாது,” என்றாள். “அது மட்டும்தான் தெரியாது. ஆனா அந்தக் கல்லுக்கு அடியில யாரும் எலும்பத் தள்ளல. தள்ளியிருந்தா காதும் தாடையும் மட்டும் தனியா கெடக்காது. யாரோட காலாவது, கையாவது கூட வந்திருக்கும்.”

தம்பி தலையாட்டிவிட்டுப் போனான். நம்பினானா, தூங்கப் போனானா தெரியவில்லை.

பதினோராம் நாள் காலை அவன் படி ஏறி வந்தபோது அவள் மாடியில் நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்கத் தேவைப்படவில்லை. இருந்தாலும் அவன் சொல்லட்டும் என்று விட்டாள்.

“ஒம்பது, பதினேழு, பல்லு, மூணும் ஒண்ணு,” என்றான் மூச்சு வாங்கியபடி. “பொண்ணு. வெத்துக் குழாயில ஒண்ணுமில்ல. பெட்டிக்காரர் கொஞ்சம் வந்திருந்தாரு, எடுத்தாச்சு.”

மத்தியானம் வெளியூர்க் கூடத்திலிருந்தும் கடிதம் வந்தது. நாலு வரி. நீங்கள் அனுப்பிய இரண்டு பொடியும் ஒரே ஆளுடையது. தெரியாமல் ஒன்றையே இரண்டு தடவை அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது, சரிபார்க்கவும்.

இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து, பிழை என்று தொடங்கிய பத்தியைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தார்.

“இருபத்து மூணு,” என்றார்.

“ஆமா சார்.”

“அவங்களுக்கு ஒரு பதில் போடணும். ஒண்ணையே அனுப்பலன்னு.”

“நான் போடறேன்.”

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த அறையில் வரவில்லை. அவள் அதற்காக நிற்கவும் இல்லை.

*

தாடையைத் திருப்பிக் கொடுக்க அவளே போனாள். பெட்டிக்காரர் பல்லை விளக்குக்கு நேரே பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, பஞ்சில் வைத்தார். அவள் கையெழுத்திட்ட தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“உக்காரும்மா,” என்றார். நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். அவர் இதுவரை யாருக்கும் நாற்காலி போட்டதாகக் கேள்வியில்லை. “மேல கண்ணாடிப் பெட்டில வெக்கப் போறாங்களாம். அட்டைக்கு என்னை எழுதச் சொன்னாங்க. எலும்பு ஆய்வு செய்தவர்னு கீழ ஒரு கையெழுத்து வேணும். உங்க சார் போடறேன்னாரு. துளைச்சது அவரு இல்லியே, அந்தம்மா போடட்டும்னு சொல்லிட்டேன்.”

அட்டையை நீட்டினார். அச்சடித்தது போன்ற எழுத்து. ஆறு வயதில் பிரிந்த இரட்டைச் சகோதரிகள், பல ஆண்டுகளுக்குப் பின் மரணத்தில் மீண்டும் ஒன்று சேர்ந்தனர்.

அவள் படித்தாள்.

“யாரு சேத்து வெச்சாங்க?”

“என்னம்மா கேள்வி? ஒரே கல்லறைல...”

“மத்த இருபத்தியோரு பேரும் அதே கல்லறைலதான் இருக்காங்க. அது குடும்பத்துக் கல்லறை. கெழவி வாசல்ல கெடந்தா. கடைசியா வந்தவங்கள்ல ஒருத்தி. வாசல்ல எடம் இருந்துச்சு, வெச்சாங்க. அத்தன வருஷத்துல அந்த மூலைக்கு மேல எத்தன பேரத் தள்ளியிருப்பாங்க. கல்லுக்கு அடியில ஒரு கொழந்த இருக்குன்னு அப்ப உயிரோட இருந்தவங்கள்ல யாருக்காவது தெரிஞ்சுதோ என்னவோ. எனக்குத் தெரியாது.”

“உனக்கு மனசே கெடையாதாம்மா?”

“இருக்கு சார். அட்டைல அதுக்கு எடமில்ல.”

பெட்டிக்காரர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டார். இன்னொரு அட்டையை எடுத்தார்.

“அப்ப நீயே சொல்லு. என்ன எழுதறது?”

“உங்ககிட்ட வரைபடம் இருக்கா?”

இருந்தது. விரித்தார்.

“கெழவிக்கும் கொழந்தைக்கும் நடுவுல எத்தன அடி?”

அவர் அளவுகோலை வைத்தார். வாசலோரத்துப் புள்ளியிலிருந்து மூலைப் புள்ளி வரை. உதடு அசைய எண்ணிக்கொண்டார்.

“ஒம்பதரை.”

“அத எழுதுங்க.”

பெட்டிக்காரர் எழுதினார். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையசைத்த பிறகு அடுத்ததை எழுதினார். கடைசியில் அட்டையைத் தள்ளிப் பிடித்து வாய்விட்டுப் படித்தார்.

“இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி ஆறு வயதில் இறந்தாள். மற்றவள் ஐம்பதைத் தாண்டி வாழ்ந்தாள். ஒரே கல்லறை. இடையில் ஒன்பதரை அடி.”

அட்டையை மேசையில் வைத்தார்.

“ஏம்மா,” என்றார் பெட்டிக்காரர். “இது அதவிட மோசமா இருக்கே.”

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள்.